‘என்று வழங்கும்’ நஞ்சை

சென்ற ஆண்டு வைகாசி மாதம், பாகப் பிரிவினைக்காக எங்கள் நிலத்தை அளக்க வந்த சர்வேயர், புலப்பட நகலைத் தம் மோட்டார் சைக்கிளின் இருக்கையில் விரித்து வைத்துக்கொண்டு, "இதில் உங்கள் தலைமடை வயல் எது?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். எங்கள் கையில் பட்டா இருந்தது, சிட்டா இருந்தது, அடங்கல் நகலும் இருந்தது. ஆனால் அந்தத் தாள்களில் இருந்த எண்களையும், எங்கள் காலடியில் கோடை வெடிப்பு விட்டுக் கிடந்த மண்ணையும் பொருத்திச் சொல்ல எங்களில் எவராலும் முடியவில்லை. நான் பன்னிரண்டு வயது வரை அந்த ஊரில் வளர்ந்தவன். அந்த வரப்புகளில் ஓடியவன். ஆனாலும் எந்த வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் பாய்கிறது என்பதை ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. கடைசியில் சித்தப்பா ஆளனுப்பி, எங்கள் நிலத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்ட ஒரு பெரியவரை அழைத்துவரச் செய்தார். எண்பதை நெருங்கும் வயது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தவர் படத்தைப் பார்க்கவே இல்லை. வாய்க்கால் கரையில் கிழக்கு முகமாக நின்று, தடியை நீட்டி, ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அந்தப் பதினான்கு மா நிலத்தையும் துண்டு துண்டாகப் பெயர் சொல்லிக் காட்டினார். நாவலடி, கோயில் பத்து, நெட்டை வயல், வண்ணான் மானியம், சுடுகாட்டு மூலை என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல, சர்வேயர் படத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார்.

ஆறாவதாக அவர் சொன்ன பெயர்தான் ஓராண்டாக என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. மூன்று மா அளவுள்ள அந்த வயலுக்கு எங்கள் வீட்டில் ‘தாத்தா திடல்’ என்று பெயர். ஊருக்கே மேடாக, தண்ணீர் ஏறாமல், பனையும் கருவேலும் மண்டிக் கிடந்த திடலை எங்கள் தாத்தா வெட்டித் திருத்தி நஞ்சையாக்கினார் என்பது நாங்கள் தாலாட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த கதை. பெரியவர் வேறொரு பெயரைச் சொன்னார். அது ஒரு மனிதப் பெயர். அதோடு ‘திடல்’ என்ற சொல் ஒட்டியிருந்தது. சித்தப்பா உடனே, "ஏய், அது ஐயா திடல் இல்லையா?" என்று திருத்தினார். பெரியவர் குரலை உயர்த்தாமல், "அது உங்க வீட்டுல சொல்ற பேருங்க. எங்க தெருவுல இதுதான் பேரு" என்றார். சர்வேயர் எதை எழுதுவது என்று கேட்டார். சித்தப்பா சொன்ன பெயரை எழுதினார்.

வயல்களின் பெயர்களைப் பற்றி நான் அதுவரை சிந்தித்ததில்லை. எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. கல்லணையில் காவிரியைப் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிந்து, கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்குகின்றன. அங்கிருந்து கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி இறங்கி வரும் தண்ணீர் ஒரு வயலைச் சேரும்போது அந்த வயலுக்குப் பெயர் இல்லாமல் இருக்க வழியே இல்லை. இரவு இரண்டு மணிக்கு இருட்டில் மடை திறக்கப் போகிறவருக்குப் புல எண்ணால் எந்தப் பயனும் இல்லை. "நெட்டையை அடைச்சிட்டு நாவலடியைத் திற" என்றால்தான் வேலை நடக்கும். பழைய கிரயப் பத்திரங்களில் இந்தப் பெயர்கள் இருந்தன. நான்கெல்லையும் சொல்லி, ‘இதற்குட்பட்ட, நாவலடி என்று வழங்கும் நஞ்சை மா இரண்டு’ என்றுதான் எழுதுவார்கள். 1980இல் ஊர்க் கணக்கரான கர்ணம், ஊர்த் தலைவரான மணியம் ஆகிய பதவிகள் ஒழிக்கப்பட்டபோது அந்தப் பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர்களும் அலுவலகத்தைவிட்டு வெளியேறினார்கள். பின்னர் 1980களின் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யு.டி.ஆர். என்று சொன்னால்தான் புரியும், எண்களும் உட்பிரிவுகளும் புதிதாக ஒழுங்குபட்டன. பதவிகள் போனது நல்லது என்றே நினைக்கிறேன். பரம்பரைக் கர்ணத்தின் கையில் ஏழையின் நிலம் பட்ட பாடு அப்படிப்பட்டது. ஆனாலும் பெயர்கள் காகிதத்தை விட்டுப் போய், அந்த வயல்களில் உண்மையாகவே நின்றவர்களின் வாயில் மட்டும் தங்கின.

பற்றுவழி

என் பாட்டனார் காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை வேலி இருந்தது. இருபது மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தஞ்சை ஜில்லாவின் பெரும் பண்ணைகளோடு ஒப்பிட்டால் இது சிறிய மிராசுதான். ஆயினும் வீட்டு வாசலில் நெற்குதிரும், களத்துமேட்டில் வைக்கோற்போரும், மூன்று பண்ணையாள் குடும்பங்களும் இருந்தன. நில உச்சவரம்புச் சட்டத்தால் நாங்கள் ஓர் அடியையும் இழக்கவில்லை. 1961இல் வந்த வரம்பு முப்பது தர ஏக்கர். 1970இல் அது பதினைந்தாகக் குறைந்தபோது எங்கள் நிலம் ஏற்கெனவே பாதியாகியிருந்தது. அத்தைமார் கல்யாணங்களும், சித்தப்பாக்களின் படிப்பும், ஒரு நீண்ட வழக்கும் அதைக் கரைத்தன. மிஞ்சியது பதினான்கு மா.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடுகளை அள்ளிக்கொண்டு போனபோது, நனைந்த பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் பாட்டனாரின் பற்றுவழிக் குறிப்பேடுகள், அதாவது பண்ணையின் கொடுக்கல் வாங்கல் கணக்குகள், கிடைத்தன. பார்த்திப வருடத்தில் தொடங்கி ஜய வருடம் வரை, அதாவது 1945 முதல் 1955 வரை, விட்டு விட்டு இருக்கின்றன. அவற்றை அப்போது வெயிலில் உலர்த்திக் கட்டி வைத்ததோடு சரி. அளவெடுத்துவிட்டுத் திரும்பிய அன்று இரவுதான் அவற்றை முதல்முறையாகப் படிக்க உட்கார்ந்தேன். பெரியவர் சொன்ன பெயரை அதில் தேடுவதுதான் நோக்கம். அவருடைய பாட்டனின் பெயராக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். கலமும் மரக்காலும் அரையும் கால்வாசியுமாகப் பழைய தமிழ்க் குறிகளில் எழுதிய கணக்கைப் பழகிக்கொள்ளவே இரண்டு வாரங்கள் பிடித்தன.

ஒவ்வொரு பண்ணையாளுக்கும் ‘ஆள் பற்று’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. தீபாவளிக்கு வேட்டி ஒன்று, சேலை ஒன்று. மகள் கல்யாணத்துக்கு நெல் நான்கு கலம், ரொக்கம் பதினைந்து ரூபாய். காய்ச்சலுக்குக் கொடுத்தது. சாவுக்குக் கொடுத்தது. பக்கத்தின் அடியில் ஆண்டுதோறும் ‘பழைய பாக்கி’ என்று ஒரு தொகை அடுத்த ஆண்டுக்குப் போகிறது. ஒரு பக்கத்தில் பெயருக்கு நேரே ‘பினாங்கு’ என்று மட்டும் எழுதி, அந்த ஆளின் பாக்கி முழுவதும் அவனுடைய தம்பியின் பக்கத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாத் தோட்டங்களுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக அவர் இருந்திருப்பார். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர்களை அங்கே அனுப்புவதை நிறுத்துவதற்கு முன் போயிருக்க வேண்டும். அவர் கடல் தாண்டிப் போய் எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பிறகும் அவருடைய கடன் எங்கள் ஊரிலேயே இன்னொருவர் தலையில் வேலை செய்துகொண்டிருந்தது. இதை எழுதியவர் என் பாட்டனார். என்னை மடியில் வைத்துச் சோறு ஊட்டியவர். அவருடைய கையெழுத்து மிக அழகானது.

எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு. "அவர்களை நாம் குடும்பத்து மனிதர்களாகத்தான் வைத்திருந்தோம்." சித்தப்பா இதை மனப்பூர்வமாகச் சொல்வார், நானும் நெடுங்காலம் நம்பினேன். பாட்டனார் கொடுமைக்காரர் அல்லர். சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையும் அந்த வட்டாரத்தில் நிகழ்ந்தவை என்பது ஊரறிந்தது; எங்கள் வீட்டில் அவை நடந்ததாக அந்தப் பெரியவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் ஆள் பற்றுப் பக்கங்களைப் படித்த பிறகு எனக்கு ஒன்று புலப்பட்டது. அந்த ஏற்பாடு நடப்பதற்குச் சாட்டை தேவைப்படவில்லை. பாக்கி இருக்கும்வரை ஆள் வேறு பண்ணைக்குப் போக முடியாது. கூலி பாக்கியைத் தீர்க்கும் அளவுக்கு ஒருநாளும் உயராது. குடிசை நின்ற இடமும் எங்களுடையது. பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதியினர். ஆகவே வேறு ஊருக்குப் போனாலும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடமும் வேலையும் அதேதான். எவ்வளவு அன்பாக நடத்தினாலும் குடும்பத்து மனிதரின் பெயரில் பாக்கி எழுதி அதை அவர் மகனுக்கு மாற்றுவதில்லை.

இன்னொரு வீட்டுக் கதையும் கணக்கில் உடைந்தது. பாட்டனார் தாமாக மனமிரங்கி ஒரு வருடம் அறுவடைக் கூலியை உயர்த்தினார் என்பார்கள். சர்வதாரி வருடத்துத் தை அறுவடையில், அதாவது 1949 தொடக்கத்தில், கூலி உயர்ந்திருப்பது உண்மை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 1948இல், மிராசுதார்களுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் இடையே கூலி பற்றிய மாயவரம் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அந்த ஒப்பந்தம் வானத்திலிருந்து விழவில்லை. 1943இல் எங்கள் மன்னார்குடி வட்டாரத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் உருவானது. தென்கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் ஊர் ஊராக நடந்து சங்கம் கட்டினார். சங்கத் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் உயிர்விட்டார். கணக்கேட்டில் ஒரு மரக்கால் உயர்வாகத் தெரிவதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இவர்கள் பெயர்களை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திடல்

தேடிப்போன பெயர் மட்டும் கிடைக்கவில்லை. மூன்று குடும்பங்களின் ஆண்கள் அத்தனை பேரின் பெயரும் இருக்கின்றன. பெரியவருடைய பாட்டன் பெயரும் தந்தை பெயரும் இருக்கின்றன. திடலின் பெயர் அவற்றில் எதுவுமில்லை. அடுத்த மாதம் கணக்கேட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அவரை என்னவென்று அழைப்பது என்ற கலக்கம் இருந்தது. எட்டு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்று அழைத்தவன். அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும்; பதிலுக்கு என்னைச் "சின்னையா" என்பார். இப்போது திண்ணையில் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "உக்காருங்க தம்பி" என்றார். "இருக்கட்டும் பெரியப்பா" என்று என் வாயிலிருந்து வந்தது. இருவருமே சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

கணக்கில் அந்தப் பெயர் இல்லையே என்றேன். "எப்படி இருக்கும்? அது எங்க அப்பாயி பேரு" என்றார்.

அப்பாயி என்றால் அப்பாவின் தாய். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் ஆணுக்கும் வழங்கும், பெண்ணுக்கும் வழங்கும். நான் ஆணாகவே எண்ணியிருந்தேன். திரும்பக் கணக்கேட்டைப் பிரித்துப் பார்த்தபோது, அந்தப் பத்து ஆண்டுகளில் பெண் ஒருவரின் பெயர்கூட எழுதப்படவில்லை என்பது கண்ணில் பட்டது. ‘நடவு, பெண்ணாள் 11.’ ‘களை, பெண்ணாள் 8.’ ‘மேடு வெட்டு, ஆண் 6, பெண் 9.’ நடவும் களையெடுப்பும் அறுப்பில் பாதியும் பெண்களால் நடந்த ஒரு பண்ணையின் கணக்கில் பெண்கள் எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறார்கள். இரண்டு வாரங்கள் அந்த ஏட்டைப் படித்தும் இதை நான் கவனிக்கவில்லை.

பெரியவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றில் தண்ணீர் வரும் நாளுக்கு ஒரு நிச்சயம் ஏற்பட்டது. அதுவரை மாட்டுக்கும் விறகுக்கும் விட்டுவைத்திருந்த திடல்களைத் திருத்தி நஞ்சையாக்கினால் லாபம் என்று மிராசுதார்கள் கணக்குப் போட்டார்கள். எங்கள் பாட்டனாரும் அப்படித்தான் தொடங்கினார். பங்குனி முதல் வைகாசி வரை, வாய்க்கால் காய்ந்து வேறு வேலை இல்லாத கோடையில், மூன்று வருடங்கள் தொடர்ந்து மேடு வெட்டினார்கள். ஆண்கள் மண்வெட்டியால் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து பள்ளத்தில் கொட்ட வேண்டும். முதல் வருடம் மேற்கு ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கியபோது அவருடைய அப்பாயி, பண்ணை வேலைகளை மேற்பார்த்த காரியக்காரரிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னாராம். முதலாவது, ஐப்பசி மழையில் திடலின் தண்ணீர் வடகிழக்கு மூலை வழியாகத்தான் இறங்குகிறது. ஆகவே அந்த மூலையைத் தாழ்த்தி வடிகாலாக வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து பாய்ச்சும்படி வெட்ட வேண்டும். இரண்டாவது, மேல்மண்ணை அள்ளிப் பள்ளத்தில் கொட்டிவிட்டால் அடியிலிருக்கும் உவர்மண் மேலே வந்து பத்து வருடத்துக்குப் பயிர் எழும்பாது. மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டித் தனியாகக் குவித்துவைத்து, அடிமண்ணை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே மண்ணை இரண்டு தடவை சுமக்க வேண்டும். சுமக்கப் போவது அவரும் அவரோடு இருந்த பெண்களும்தான். அதைத் தெரிந்தேதான் சொன்னார். காரியக்காரர் பாட்டனாரிடம் போய்ச் சொல்ல, பாட்டனார் ஒப்புக்கொண்டார். "உங்க தாத்தா கேட்டுக்கிட்டாரு. அத நான் மறைக்கல. கேக்காத மிராசும் உண்டு" என்றார் பெரியவர்.

நான் கணக்கேட்டைப் புரட்டினேன். சர்வசித்து வருடத்துப் பங்குனி, அதாவது 1948: ‘திடல் மேடு வெட்டு.’ மறு கோடை: ‘திடல் மேடு வெட்டு, பள்ளம் தூர்ப்பு.’ 1950 கோடையில், விரோதி முடிந்து விகிர்தி பிறந்த மாதங்களில், நான் பலமுறை பார்த்தும் பொருள் விளங்காமல் கடந்துபோன ஒரு வரி: ‘திடல் மேல்மண் திரும்பப் போட்ட வகையில், பெண்ணாள் 9, நாள் 23.’ ஒன்பது பெண்கள், இருபத்து மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஆளுக்கு அரை மரக்கால் நெல். அந்த ஒன்பதில் ஒருவர் அவர். அந்த வரியை வாசித்துக் காட்டியபோது பெரியவர் வியப்படையவில்லை. "எழுதியிருக்காங்களா" என்று மட்டும் கேட்டார். பிறகு, எந்தப் பக்கம் என்று கேட்டு, ஏட்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

எழுபத்தைந்து ஆண்டுகளாக அந்தத் திடல் மற்ற வயல்களோடு ஒத்து விளைகிறது. இப்போது குத்தகைக்குச் செய்பவரும், வெள்ளம் வந்தால் முதலில் வடிவது அந்த வயல்தான் என்கிறார். ஒரு நிலத்தின் வரலாறு என்று நான் எண்ணியிருந்தது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதைத்தான். மண்ணின் இந்த மூலை ஏன் தாழ்ந்திருக்கிறது, இந்த வரப்பு ஏன் இங்கே வளைகிறது என்பதற்கெல்லாம் ஒரு மனிதரின் தீர்மானம் காரணமாக இருக்கும் என்றும், அந்தத் தீர்மானத்தை எடுத்தவருக்கு அந்த மண்ணில் ஒரு குழிகூடச் சொந்தமாக இருந்திருக்காது என்றும் எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் வீட்டுக் கதையில் பொய் இல்லை. நெல்லை அளந்தவர் பாட்டனார்தான். ஆனால் ‘திருத்தினார்’ என்ற வினைச்சொல்லை அவருக்கு மட்டும் கொடுத்தது பிழை. அந்தப் பிழையை மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம்.

மனைப் பட்டா

பேச்சு அன்று நீண்டது. கணக்கேட்டில் ‘ஆள் பற்று’ பக்கங்கள் நந்தன வருடத்தோடு, 1952-53இல், நின்றுபோகின்றன. அதன்பின் ‘அத்தக்கூலி’ என்ற தலைப்பு மட்டும் இருக்கிறது. காரணத்தை நான் அறிவேன். 1952 ஆகஸ்டில் இராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாரத்துக்குச் சாகுபடி செய்பவருக்கு விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது என்றும் அது சொன்னது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தும், எங்களுக்கும் பொருந்தியது. பல மிராசுதார்கள் செய்ததையே எங்கள் வீட்டிலும் செய்தார்கள். பண்ணையாள் என்ற பெயரையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, அதே மனிதர்களை அன்றாடக் கூலிகளாக எழுதினார்கள். பழைய பாக்கி அதோடு ஒழிந்தது. ஆனால் பண்ணையாளுக்கென்று விட்டிருந்த பட்டக்கால் நிலமும் போனது. பெரியவர் குடும்பத்துக்கு நூறு குழி, அதாவது ஒரு மா, பட்டக்கால் இருந்ததாம். "கடன் போச்சுன்னு எங்க அப்பா சந்தோஷப்பட்டாரு. அப்பாயி மட்டும் அந்த நூறு குழிய நெனச்சு அழுதுச்சு" என்றார்.

குடிசை மட்டும் எங்கள் கொல்லைமேட்டில்தான் நின்றது. வீட்டைக் காலி செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலை அதன்பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்தது. அந்த இருபது ஆண்டுகளுக்குள்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் நின்ற ஊரில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த நாள் செய்தி எங்கள் ஊருக்கு வந்தபோது, தெருவில் ஒரு வீட்டிலும் இரவில் விளக்கேற்றவில்லை என்றும், ஆண்கள் வாசலில் உட்கார்ந்தே விடியவைத்தார்கள் என்றும் பெரியவர் சொன்னார். அவருக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. எங்கள் வீட்டில் அந்த இரவைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, அவரவர் குடிசை நின்ற இடம் அவரவருக்கே என்று ஆயிற்று. பட்டா கைக்கு வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாளைப் பெரியவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மூன்று சென்ட். அரசின் காகிதம் ஒன்றில் அவர் குடும்பத்தார் ஒருவரின் பெயர், நிலத்துக்கு நேரே எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. அந்த மனைக்காகப் பாட்டனார் வழக்குப் போட நினைத்தார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். வக்கீல் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டாராம்.

பத்திரத்தில் ஒரு சொல்

பாகப் பிரிவினைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வயல்களின் பெயர்களைச் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். பத்திர எழுத்தர் புல எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவை இருந்தால் போதும், பெயர்கள் இந்தக் காலத்தில் யாருக்கும் தேவையில்லை என்றார். சேர்ப்பதால் ஏதும் குற்றமாகுமா என்று கேட்டேன். குற்றமில்லை என்றார். அக்கா உடனே ஒப்புக்கொண்டார். கணக்கேட்டின் அந்த வரியை அவருக்கு நான் முன்பே படம் எடுத்து அனுப்பியிருந்தேன். ஒன்பது பெண்கள் என்ற இடத்தில் அவர் மனம் நின்றுவிட்டது. தம்பிக்கு இதில் ஈடுபாடு இல்லை, எதிர்ப்பும் இல்லை. சித்தப்பாதான் வருந்தினார். அவருக்கு எழுபத்தாறு வயது. தம் தகப்பனாரின் பெயரை ஒரு வயலிலிருந்து பிள்ளைகளே எடுக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. அவருடைய வருத்தத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஏட்டை அவர் முன் வைத்து, அந்த வரிகளை வாசித்துக் காட்டினேன். தம் தகப்பனாரின் கையெழுத்தை அறுபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்த அவர் கண் கலங்கினார். நெடுநேரம் கழித்து, "அந்தம்மாவை எனக்குத் தெரியும். தலையில் முண்டாசு கட்டியிருக்கும். எனக்கு நுங்கு வெட்டிக் கொடுக்கும்" என்றார். அதற்குமேல் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுப்பும் சொல்லவில்லை.

பெயரை எழுத அனுமதி கேட்கப் பெரியவரிடம் மீண்டும் போனேன். பத்திரத்தில் எழுதலாம் என்றார். இப்படி ஒரு கட்டுரை எழுத நினைக்கிறேன், அதிலும் எழுதலாமா என்று கேட்டதற்கு, தம் பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டார். திருவாரூரில் கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் யோசித்துவிட்டு, "பத்திரத்துல போதும் சார். நெட்டுல வேண்டாம்" என்றார். ஆகவே இங்கே அந்தப் பெயர் இல்லை.

ஆவணியில் பத்திரம் பதிவானது. மூன்றாம் பங்கின் சொத்து விவரத்தில், நான்கெல்லைகளுக்கு அடுத்து, அந்தப் பெயரும் ‘திடல் என்று வழங்கும் நஞ்சை மா மூன்று’ என்பதும் இருக்கின்றன. சீட்டுக் குலுக்கியதில் திடல் தம்பிக்கு விழுந்தது. அவன் பெங்களூரில் வீடு கட்டுகிறான். நிலத்தை வைத்துக்கொள்ளும் எண்ணம் அவனுக்கு இல்லை, அதை அவன் ஒளிக்கவும் இல்லை. வாங்குவதற்கு இருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனபோது இதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பேத்தி அந்த வரியை இரண்டு முறை உரக்க வாசித்தார். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விற்றால் இந்தப் பத்திரம் என்ன ஆகும் என்று கேட்டார். வாங்குபவரிடம் போகும், அதற்குத் தாய்ப் பத்திரம் என்று பெயர், இனிமேல் இந்த நிலத்தை யார் வாங்கினாலும் இதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று சொன்னேன்.

"அப்ப சின்னத் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுங்க" என்றார். "புதுப் பத்திரத்துலயும் அந்தப் பேர எடுக்காம எழுதச் சொல்லுங்க."